நூல் பிடித்த தூரம்

பூகோளம் படிப்பித்த காலம் முழுவதும் ஒவ்வோர் ஒன்பதாம் வகுப்புக்கும் ஒரு செய்முறையை மாற்றாமல் செய்து காட்டினேன். தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்து வரும் அட்லஸ் பக்கத்தை மேசையில் விரிப்பேன். தையல் நூலின் ஒரு நுனியை ஒரு பெடியன் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் அமுக்குவான். மறு நுனியை இன்னொருவன் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தில் அமுக்குவான். நூல் தொய்யக்கூடாது. "இப்ப நூலுக்குக் கீழை எந்த ஊர் கிடக்குது?" என்று கேட்பேன். குனிந்து பார்த்த பிள்ளை சிரித்துக்கொண்டு நிமிரும். "எங்கடை யாழ்ப்பாணம், சேர்."

இதில் கண்கட்டு வித்தை ஒன்றும் இல்லை. மூன்று இடமும் 80 பாகை கிழக்கு நெட்டாங்கை ஒட்டியே இருக்கின்றன. பூமி உருண்டை என்பதால் படத்தில் நேராகத் தெரிகிற வழி உண்மையில் நேர்வழியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நெட்டாங்கு வழியே தெற்கு வடக்காகப் போகிறவனுக்கு அந்தக் கரைச்சல் கிடையாது. அடிமட்டம்கூடத் தேவையில்லை. மீனம்பாக்கம் ஏறக்குறைய 12 பாகை 59 கலை வடக்கு, யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலி 9 பாகை 48 கலை. கழித்தால் 3 பாகை 11 கலை, அதாவது 191 கலை. அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல் மைல். கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 354 வரும். பலாலியிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 354 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தரை வழியில் 400. எங்களுக்குச் சென்னை கொழும்பைவிடக் கிட்ட என்று சொன்னால் கொழும்பு நண்பர்கள் அரசியல் பேசுகிறேன் என்பார்கள். நான் பேசியது கழித்தல் கணக்கு.

இந்த 354 கிலோமீட்டரைக் கடக்க எனக்குப் பதினொரு வயதில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஐம்பத்தாறு வயதில் 23 நாள் எடுத்தது. எழுபத்திரண்டில் மறுபடி ஒன்றரை மணித்தியாலத்துக்கு வந்து நிற்கிறது.

முதலில் பிளேனுக்கு முந்திய காலம். 1914இல் தொடங்கிய போட் மெயில் பற்றிச் சென்னைப் பெரியவர்கள் ஆசையோடு எழுதுகிறார்கள்: எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. அது கொழும்புக்குப் போகிறவனுக்கு வாய்த்த வழி. யாழ்ப்பாணத்தான் சென்னைக்குப் போவதென்றால் முதலில் தெற்கே மதவாச்சி வரை இறங்க வேண்டும். அங்கே வண்டி மாறி வடமேற்கே தலைமன்னாருக்கு ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் கப்பல். எதிரே கிடக்கும் கரைக்குப் போக முதுகைக் காட்டிக்கொண்டு வெளிக்கிடுவது எங்களுக்கு அன்றைக்கே பழகிய காரியம்.

இந்த நூலில் பிளேன் ஓடத் தொடங்கியது 1935 நவம்பர் 27. கொழும்பு இரத்மலானைத் திடலில் அன்று முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்துதான் வந்தது. ஓட்டி வந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ. விமானம் புஸ் மொத். ஓட்டியோடு சேர்த்து மூன்று பேர் இருக்கக்கூடிய சின்ன உருப்படி. 1932 ஒக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாடா தபால் ஏற்றிப் பறந்ததும் இதே வகையில்தான். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக அந்தத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். 1938இல் டாடாவின் தபால் வழி கொழும்பு வரை நீண்டது. லண்டனில் தபாற்பெட்டியில் போட்ட கடிதம் கராச்சி, பம்பாய், சென்னை என்று இறங்கி இரத்மலானைக்கு வந்தது. எங்கள் தலைக்கு மேலால் போன கடிதங்கள் கொழும்பில் தரித்து, ரயிலேறி, எங்களிடம் திரும்பி வந்திருக்கும்.

பலாலியில் ஓடுபாதை போட்டது ஆசைப்பட்டு அல்ல, யுத்தத்துக்காக. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படை வலிகாமம் வடக்கின் செம்மண்ணைத் தேர்ந்தெடுத்தது. எங்கள் வீடு ஓடுபாதைக்குத் தெற்கே வசாவிளானில். அப்பப்பாவின் புகையிலைத் தோட்டத்தில் ஒரு துண்டு அப்போது போனது. அவர் கடைசி வரை விமானத்தை ஆகாயக்கப்பல் என்றுதான் சொல்வார். சத்தம் கேட்டால் மண்வெட்டியை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்; பிறகு கீழே, இறுகிப் போன தன் தோட்டம் இருந்த பக்கம் பார்ப்பார். அந்த மண்ணில் கல் பொறுக்கி, குழை தாட்டு, ஆழக்கிணற்றில் துலா மிதித்து இறைத்துப் பயிர் செய்தவர்களுக்குத்தான் ஒரு பரப்பின் விலை தெரியும். இழப்பீடு கொடுத்தார்களா என்று ஐயாவைக் கேட்டிருக்கிறேன். "கடுதாசி குடுத்தவங்கள்" என்பார், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்தது; பாதை மிஞ்சியது. 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோனின் முதற்பயணம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அட்டவணையில் பெயர் போட்ட எங்கள் பலாலியில் தரித்து, சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு 56 நாள் முந்தி. டி.சி. 3 டக்கோட்டா விமானம். எயர் சிலோன் தன் டக்கோட்டாக்களுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயர் வைத்திருந்தது. முதற்பயணம் போனது சீதாதேவி. கடல் கடந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவளின் பெயரைச் சென்னைக்குப் போகிற பிளேனுக்கு வைத்தவர் யாரோ, நல்ல குசும்புக்காரராக இருக்க வேண்டும்.

ஒரு சேதி இங்கே கவனிக்க வேண்டும். ஒரு நாட்டின் விமான சேவை தன் முதல் வெளிநாட்டுப் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கியது. பெரிய மனசால் அல்ல. வழியில் இருந்தது, இறங்கியது. நூலைப் பிடித்துப் பார்த்த எவனும் அதைத்தான் செய்வான்.

1962இல் நான் ஏறினேன். மூத்தக்காவின் கல்யாணத்துக்குக் கூறை எடுக்க ஐயா, அம்மா, மாமி, நான். நான் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அழுதேன், கூட்டிப் போனார்கள். வீட்டிலிருந்து ஏரோட்ரோமுக்கு மாட்டு வண்டிலில் போய்ப் பிளேன் ஏறிய குடும்பம் நாங்கள். பெட்டியை நிறுத்த பிறகு ஆட்களையும் தராசில் ஏற்றினார்கள். மாமி ஏற மாட்டேன் என்றாள். "நான் என்ன வெங்காயச் சாக்கோ?" கடைசியில் ஐயா முதலில் ஏறிக் காட்டி, பிறகு மாமி கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். டக்கோட்டா நிலத்தில் நிற்கும்போது வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்திருக்கும். உள்ளே போனால் கோயில் படி ஏறுவதுபோல் நடைபாதையில் மேலே ஏற வேண்டும். காதுக்குப் பஞ்சும் வாய்க்கு இனிப்பும் தந்தார்கள். மாமி பஞ்சை மடியில் முடிந்துகொண்டு இனிப்பை எனக்குத் தந்தாள். இரைச்சலில் பேச முடியாது. சன்னலில் கடல் நீலமாக இல்லை, சாம்பலாக இருந்தது.

சென்னையில் கூறை வாங்கினோம், மூன்று வருடத்துக்கு முன் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தின் பதினாலு மாடியை அண்ணாந்து எண்ணினேன், மயிலாப்பூரில் கும்பிட்டோம். ஐந்தாம் நாள் திரும்பிப் பலாலியில் இறங்கியபோது சுங்கத்தில் நின்றவர் மாமியை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பக்கத்து ஆள்தான். "அக்கா, போகேக்கை இவ்வளவு உடம்பாய் இருக்கேல்லையே?" மாமி காஞ்சிபுரம் ஒன்றுக்கு மேல் இன்னொன்றாக இரண்டு உடுத்திருந்தாள். "மெட்ராசிலை சாப்பாடு நல்லம், தம்பி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு சோக்கட்டியால் பெட்டியில் கோடு போட்டார்.

டக்கோட்டாவின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 270 கிலோமீட்டர். 354ஐ அதால் வகுத்தால் ஒரு மணி 19 நிமிடம். ஓடி ஏறவும் வட்டமிட்டு இறங்கவும் கொஞ்சம் சேர்த்தால் ஒன்றரை மணி. அந்த நேரத்தில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரத்தைக்கூடத் தொட்டிருக்காது.

அதற்குப் பிறகு வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறிப் பின்னர் 80களின் நடுவில் அதுவும் நின்றது. 70களில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தபோது கையில் காசு கொண்டுபோக முடியாதவனுக்குப் பிளேன் இருந்தும் என்ன? எயர் சிலோன் அப்போது அவ்ரோ 748 ஓட்டியது. 1978 செப்டெம்பர் 7 அன்று அதில் ஒன்று இரத்மலானையில் நின்ற இடத்திலேயே குண்டு வெடித்து எரிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பத்தாண்டின் கடைசியோடு பலாலி–சென்னைப் பறப்பும் முடிந்தது. 1979இல் எயர் லங்கா வந்தது. புதுச் சேவை, பெரிய ஜெட்டுகள், கட்டுநாயக்கா. யாழ்ப்பாணம் நூலுக்குக் கீழேயே கிடந்தது.

எண்பதுகளில் எங்கள் ஊரவர் தமிழகத்துக்குப் போனது காங்கேசன்துறை, வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து இரவில், படகில். கோடிக்கரைக்கு 55, 60 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கு அகதி முகாம்களில் இருக்கிறது. சேராதவர்களின் கணக்கு எங்கும் இல்லை. 1987 ஜூன் 4 அன்று இந்தியா ஐந்து அன்டனோவ் 32 விமானங்களில் பெங்களூரிலிருந்து உணவுப் பொதி கொண்டுவந்து எங்கள் தலையில் போட்டது. அடுத்த மாதக் கடைசியில் அதன் படை பலாலியில் இறங்கியது. 1990 ஜூனில் நாங்கள் வசாவிளானை விட்டு ஓடினோம். ஓடுபாதையைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம். சமைத்த சோறு அடுப்பில் இருந்தது என்று எல்லா இடம்பெயர்ந்தவர்களும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் உண்மையாகவே குரக்கன் பிட்டு நீத்துப்பெட்டியில் இருந்தது.

பலாலியிலிருந்து இரத்மலானைக்கு மட்டும் சிவில் பயணிகள் போனார்கள், அனுமதி இருந்தால். 1998 செப்டெம்பர் 29 அன்று அப்படிப் போன ஒரு விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

அந்தக் காலத்தின் ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். 2006 ஏப்ரல் வரை இலங்கை இந்தியாவைவிட அரை மணி முந்தி ஓடியது. வன்னியில் புலிகளின் பகுதி பழைய நேரத்தை விடவில்லை. சமாதான காலத்தில் ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனவன் முகமாலையில் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கும், ஓமந்தையில் அரை மணி முன்னுக்கும் திருப்பியிருக்க வேண்டும். ஒரே நெட்டாங்கில், ஒரே சூரியனுக்குக் கீழே. வகுப்பில் நெட்டாங்கும் நேரமும் என்ற பாடம் வந்தால் நான் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

2007 பெப்ரவரியில் சென்னையிலிருந்து தொலைபேசி. வளசரவாக்கத்தில் இருந்த மூத்தக்கா, 1962இல் கூறை எடுத்தோமே அவதான், காலமாகிவிட்டா. மாரடைப்பு. மருமகன் கேட்டான்: "மாமா, எப்ப வருவியள்? வைச்சிருக்கட்டோ?" என் வாயில் சட்டென்று வந்த பதில், "எடுங்கோ."

ஏ9 முந்திய ஓகஸ்டில் மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட அனுமதி வேண்டும். படிவம், இரண்டு படம், கிராம சேவகரின் கடிதம், காரணம். காரணம் என்ற இடத்தில் செத்தவீடு என்று எழுதினேன். அங்கிருந்தவர், அவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளை, திகதியைப் பார்த்துவிட்டு, "அது முடிஞ்சிருக்குமே" என்றார். அந்தியேட்டி என்று திருத்தி எழுதினேன். ஒன்பது நாள். பிறகு கப்பலுக்குப் பெயர் வர நான்கு நாள். காங்கேசன்துறையிலிருந்து ஓர் இரவு முழுக்கத் திருகோணமலைக்கு. கிழக்கே வளைந்து தெற்கே. அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ், பொலிஸ் பதிவு, விசா. விசாவுக்காக இருந்த நாட்களில் காலி வீதியில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது.

இருபத்து மூன்றாம் நாள் கட்டுநாயக்காவில் ஏறினேன். சென்னைக்குச் சுமார் 645 கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம் என்று அட்டவணை சொன்னது. அந்த நேரம் பறக்கிற நேரம் மட்டும் அல்ல. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறு ஊரில் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். அதனால் கிட்டத்து ஊர்களுக்கு நேரம் தூரத்தோடு ஒத்து வராது. நிலத்தில் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் குறையாத செலவு. ஆசிரியனுக்கு இப்படி எல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். கிளம்பி முப்பது நிமிடம் ஆனதும் சன்னலில் முகத்தை ஒட்டினேன். நூல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். முகில். வெள்ளைப் பஞ்சு, வேறொன்றும் இல்லை. மாமி மடியில் முடிந்த பஞ்சு நினைவுக்கு வந்தது. விட்டு வந்த வீட்டின் மேலாக, அதைக் காணாமல், இருபத்து மூன்று நாள் சுற்றி வந்து பறந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த வியாபாரி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அந்தியேட்டிக்கு இருந்தேன். அக்காவின் இரும்புப்பெட்டியில் அந்தக் கூறை இருந்தது. சரிகை கறுத்து, மடிப்பில் இற்றுப் போய்.

2019 ஒக்டோபர் 17 பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பர் 11 அலையன்ஸ் எயரின் சென்னைச் சேவை தொடங்கியது. நான் பயணச்சீட்டு வாங்க யோசித்து முடிப்பதற்குள் கொரோனா வந்து 2020 மார்ச்சில் நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 மறுபடி வந்தது. அடுத்த மாதமே போனேன். அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். ஏ.டி.ஆர். 72, இரண்டு காற்றாடி, ஏறக்குறைய எழுபது இருக்கை. மணிக்கு 500 கிலோமீட்டர் ஓடக்கூடியது. டக்கோட்டாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். ஆனாலும் கட்டைக்குக் கட்டை ஒன்றரை மணிக்குக் கிட்டத்தான் வந்தது. அறுபது வருட முன்னேற்றம் என்று கணக்குப் பார்த்தால் இந்த வழியில் ஒரு பத்து நிமிடம் தேறும். எனக்கு அது போதும். தராசில் ஆட்களை ஏற்றவில்லை. பெட்டியை நிறுத்தார்கள், கூடுதலுக்குக் காசு கேட்டார்கள். மாமி இருந்திருந்தால் பனங்கிழங்கை இடுப்பில் கட்டியிருப்பாள்.

இப்போது இண்டிகோவும் வருகிறது: 2024 செப்டெம்பரிலிருந்து சென்னைக்கு, 2025 மார்ச் 30இலிருந்து திருச்சிக்கு. திருச்சி இன்னும் கிட்ட, 185 கிலோமீட்டர்வரை. எங்கள் பழைய ஆட்களுக்குத் திருச்சிதான் பழக்கம். சீரங்கம், சிதம்பரம் என்று போவதற்கு அதுவே வாசல்.

விமான நிலையத்தைப் பெருப்பிக்க வேண்டும், ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013இல் அந்தப் பக்கம் 6,000 ஏக்கருக்கு மேல் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியவர்கள் பிறகு துண்டு துண்டாகக் கொஞ்சம் விட்டார்கள். பிளேனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பதும் கணக்கால் சொல்லக்கூடிய காரியம்தான். அதை ஒருமுறை வெளிப்படையாகப் போட்டுக் காட்டினால், அப்பப்பாவுக்குக் கொடுத்ததுபோல் கடுதாசி கொடுத்து அனுப்ப வேண்டி வராது.

சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிறவர் யாராவது இதை வாசித்தால், வலப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். செங்கல்பட்டுக் கரை தாண்டியதும் வழி கடலுக்கு மேல். பாண்டிச்சேரி, கடலூர், நாகபட்டினம் எல்லாம் அந்தப் பக்கமாக வரும். கோடிக்கரை முனை மறைந்ததும் மணிக்கூட்டைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் எங்கள் கரை. இறங்கியதும் தெற்கே பாருங்கள்: கம்பிவேலிக்கு உட்பக்கம் பற்றைக்குள் ஒரு துலாக் கிணறும், வட்டில்லாத இரண்டு பனையும் தெரிந்தால், அது எங்கள் காணி. இன்னும் விடவில்லை.